மஞ்சு ஐஸ் சாப்பிடவில்லை

தொடக்கப் பள்ளிகளில் புதிதாகப் பாட்டு ஆசிரியர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, என் பணி அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். சென்ற மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் என்னை அறிமுகப்படுத்தியவர், முப்பது ஆண்டுகள் பிள்ளைகளைப் பாட வைத்தவர் என்று சொன்னார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் எழுந்து நின்று கும்பிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கைதட்டல் உறுத்தியது. அதைத் திருப்பித் தரத்தான் இதை எழுதுகிறேன்.

சரளி வரிசையை எப்படித் தொடங்குவது, தாளம் போடாத பிள்ளையை என்ன செய்வது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் ஒரே ஆண்டில் தெரிந்துவிடும். நான் ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயரை மாற்றி எழுதுகிறேன். மஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவில், பிரதான சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது எங்கள் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை. இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பின. அந்த வீடுகளின் பிள்ளைகள் எங்கள் வாசலைத் தாண்டி வேன்களில் மெட்ரிக் பள்ளிகளுக்குப் போனார்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் எங்கள் வருகைப் பதிவேடு கொஞ்சம் மெலிந்தது.

ஒரு ஜூனில் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் அல்ல. அவருக்கும் மேலிடத்திலிருந்து நெருக்கடி.

"சார், ஸ்ட்ரெங்த் இன்னும் குறைஞ்சா ஒரு போஸ்ட்ட எடுத்துடுவாங்க. எந்த போஸ்ட்டுன்னு நான் வேற சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. என் பணியிடம் அரசு தந்ததல்ல, நிர்வாகம் தன் விருப்பத்தில் வைத்திருந்தது. கை வைத்தால் முதலில் பாட்டில்தான் வைப்பார்கள்.

"ஜனவரில இன்டர் ஸ்கூல் போட்டி வருதுல்ல? ஒரு ஷீல்டு வாங்கிட்டு வாங்க சார். கேட்ல பெருசா ஒரு பேனர் கட்டிடலாம். உங்களுக்கும் நல்லது."

அன்றிலிருந்து நான் பிள்ளைகளைக் கேட்டது பாட்டு ஆசிரியனாக அல்ல. எந்தத் தொண்டை என் வேலையைக் காப்பாற்றும் என்றுதான் கேட்டேன்.

மஞ்சு நான்காம் வகுப்பு. கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து வந்து பெருங்களத்தூரில் வாடகைக்கு இருந்த குடும்பம். அம்மா பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சாலையோரம் மீன் விற்றார். பள்ளி மைக் பழுதாகிக் கிடந்ததால் காலைப் பிரார்த்தனையை வெறுங்குரலில்தான் பாட வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து பாடினாலும் வாசலில் நிற்கும் வாட்ச்மேனுக்கு அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். "யாரு சார் அந்தப் பாப்பா? சைக்கிள்ல போறவன்லாம் நின்னு பாக்கறான்" என்றார் ஒருநாள். அன்றே அவளைத் தேர்ந்தெடுத்தேன்.

பாட்டும் நானே மெட்டுப் போட்டது. நடுவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பதற்காகச் சரணத்தை மேலே மேலே ஏற்றி வைத்திருந்தேன்.

என் சுருதி ஒன்றரைக் கட்டை. ஆண் குரலான எனக்கு அது வசதி. ஹார்மோனியத்தில் என் விரல் பழக்கத்தில் அங்கேதான் போய் உட்காரும். அதே சுருதியைப் பிள்ளைகள் பிடிக்கும்போது இயல்பாகவே ஒரு ஸ்தாயி மேலே பாடுகிறார்கள். கீழே இருக்கும்வரை தொல்லையில்லை. சரணம் ஏறும்போது அவர்களால் பாட முடியாது, கத்தத்தான் முடியும். ஐந்து கட்டை எண்ணில் பெரிதானாலும், அதைப் பிள்ளைகள் ஒரு ஸ்தாயி ஏற்றாமல் அப்படியே பிடிப்பார்கள்; அதில் வைத்திருந்தால் அவர்கள் குரல் இறங்கி, சுகமாக நின்றிருக்கும். ஆனால் ஐந்து கட்டையில் என்னால் பாடிக்காட்ட முடியாது. எனவே எனக்கு வசதியான இடத்தில் அத்தனை ஆண்டுகள் பிள்ளைகளைக் கத்த வைத்தேன்.

பெரும்பாலான பிள்ளைகள் தங்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள். உச்சம் வரும்போது சத்தத்தை நிறுத்திவிட்டு வாயை மட்டும் அசைப்பார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டியிருக்கிறேன். மஞ்சுவுக்கு அந்தத் தந்திரம் தெரியாது. சார் சொன்னால் பாட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. எட்டவும் எட்டியது.

காலையில் பிரார்த்தனை, மதிய உணவு முடிந்ததும் அரை மணி, நான்கு மணிக்கு மேல் மறுபடியும். ஜூலையில் தொடங்கினோம். நவம்பர் மழையில் அவளுக்குத் தொண்டை கட்டியது. முதலில் காலையில் மட்டும். பிறகு நாள் முழுக்க.

நான் சந்தோஷப்பட்டேன். இதை நீங்கள் கவனித்துப் படிக்க வேண்டும்.

எனக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவர் பொழுது புலரும் முன் எழுப்பி உட்காரவைத்து 'ஆ' என்றே நீட்டிப் பாடும் அகார சாதகம் செய்யச் சொல்லுவார். பதினேழு வயதில் எனக்கு ஒரு மாதம் தொண்டை அடைத்தே கிடந்தது. "இப்பத்தான்டா குரல் திறக்கப்போகுது, விடாதே" என்றார். விடவில்லை. திறந்தது. தொண்டை கட்டுவது குரல் திறப்பதற்கு அடையாளம் என்பது அன்றிலிருந்து எனக்கு வேதம். என்னோடு அங்கே நால்வர் படித்தார்கள். இருவருக்குத் திறக்கவே இல்லை. ஒருவன் ரயில்வேக்குப் போனான், இன்னொருவன் அப்பாவின் மளிகைக் கடைக்கு. அவர்களை யாரும் உதாரணம் காட்டுவதில்லை. நானும் நினைத்துப் பார்த்ததில்லை. பதினேழு வயது ஆணின் தொண்டை வேறு, ஒன்பது வயதுப் பெண்ணின் தொண்டை வேறு என்பதும் எனக்குத் தோன்றவில்லை.

"சார், நாளிக்கிப் பாடறேனே" என்று மஞ்சு இரண்டு முறை கேட்டாள். கற்கண்டும் மிளகும் கொடுத்து, "வாயில அடக்கிக்கோ, உடனே முழுங்காதே" என்று சொல்லிவிட்டு ஹார்மோனியத்தைத் திறந்தேன்.

டிசம்பரில் அவள் அம்மா மீன் கூடையோடு பள்ளிக்கு வந்தார். கூடையை வெளியே வைத்துவிட்டு வராந்தாவில் நின்றே பேசினார்.

"சார், பாப்பாக்குத் தொண்ட கம்மிகினே கீது. ரெண்டு நாளு உட்டுடுங்களேன்."

"அது கம்மல் இல்லம்மா. குரல் திறக்கற நேரம். இப்ப நிறுத்தினா கெட்டுடும்."

"இன்னா தொறக்கறது சார்? நானுந்தான் காலீலேர்ந்து கூவிகினு கீறேன். எனக்குக் கம்மிச்சுன்னா ரெண்டு நாளு வாயத் தொறக்க மாட்டேன். மீனத் தூக்கிக் காட்டுவேன், வெரலக் காட்டுவேன், அவ்ளோதான். மீறிக் கூவுனா மூணா நாளு வெறுங்காத்துதான் சார் வரும்."

நான் சிரித்தேன். "மீன் கூவறதும் சங்கீதமும் ஒண்ணாம்மா?"

அவரும் கூச்சத்தோடு சிரித்தார். "அதுவும் சரிதான். படிச்சவங்க நீங்க. ஒங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிக் கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வராந்தாவில் அன்று தொண்டையைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் போய்விட்டார்.

அடுத்த வாரம் நான்காம் வகுப்பு ஆசிரியை என்னிடம் வந்தார். அவர் தம் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிறு பிள்ளைகளுக்குப் பாட்டு எடுப்பவர்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். மஞ்சு அட்டென்டன்ஸுக்கு 'உள்ளேன் டீச்சர்'னு சொல்றப்பகூடப் பாதி காத்துதான் வருது. எங்க கொயர்ல தொண்டை கட்டின பிள்ளைய ஒரு வாரம் பாடவே விடமாட்டோம்."

"கொயர்ல நாப்பது பேர் சேர்ந்து பாடறாங்க டீச்சர். இவ தனியாப் பாடணும்."

"அதனாலதான் சார் சொல்றேன்."

அன்று மதியம் ஆசிரியர்கள் அறையில், "இனிமே எனக்கு டீச்சர்தான் பாட்டு க்ளாஸ் எடுக்கப்போறாங்களாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனார். பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. எச்சரிக்க வந்தவரை ஒரு நகைச்சுவையால் துரத்தலாம் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்த வித்தை.

போட்டி பொங்கல் விடுமுறைக்குப் பிந்திய சனிக்கிழமை, குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளி அரங்கில் நடந்தது. குழுப் பாட்டுக்கும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைத் தலைமை ஆசிரியரும் நானும் வேனில் அழைத்துப்போனோம். மஞ்சுவை என் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டேன். வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோயிருந்தேன். காலை ஏழு மணியிலிருந்து அவள் மேடை ஏறும்வரை என் கையெட்டும் தூரத்தை விட்டு அவள் நகரவில்லை. மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அரங்கின் வாசலில் ஒரு ஐஸ் வண்டி நின்றது. மற்ற பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். யாரும் தொடக்கூடாது என்றேன். மஞ்சு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதையெல்லாம் நினைவில் வையுங்கள்.

பல்லவி நன்றாக இருந்தது. கட்டிய குரலிலும் ஒரு அழகு இருந்தது. நடுவர் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அனுபல்லவியும் கடந்தது. சரணத்தின் உச்சியில் அவள் வாய் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, சத்தம் வரவில்லை. என் ஹார்மோனியம் மட்டும் ஒலித்தது. மறுபடி முயன்றாள். தகரத்தில் ஆணியால் கீறியதுபோல ஒன்று வந்தது. அரங்கில் பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். நிறுத்தட்டுமா என்று கேட்கிற பார்வை. நான் இடது கையைத் துருத்தியிலிருந்து எடுத்து, மேலே, மேலே என்று சைகை செய்தேன். அவள் மூன்றாம் முறையும் முயன்றாள்.

அந்தக் கையைப் பற்றித்தான் நான் அதிகம் நினைக்கிறேன் என்று நீங்கள் எண்ணலாம். இல்லை. அதைவிட மோசமானது வெளியே வேனருகில் நடந்தது.

தலைமை ஆசிரியர் முகம் சிவந்து நின்றார். "என்ன சார் இது? ஆறு மாசமா இதுக்குத்தானா?"

"ஐஸ் தின்னுட்டா சார்."

யோசித்துச் சொன்னதில்லை. கண்ணெதிரே அந்த வண்டி நின்றது, வாயில் வந்துவிட்டது. உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு விநாடி வரும். அப்போது வாயில் என்ன வருகிறதோ, அதுதான் அதுவரை நீங்கள் கற்றது.

அவர் அவளிடம் குனிந்தார். "ஏம்மா, ஐஸ் சாப்பிட்டியா?"

மஞ்சு தலையை ஆட்டி மறுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள்.

"பொய் சொல்லாதே மஞ்சு" என்றேன்.

"எப்போ சார்?" என்றாள். குரலே இல்லை. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

"அதை நீதான் சொல்லணும். உண்மையச் சொல்லிட்டா சார் ஒண்ணும் செய்ய மாட்டார். சாப்பிட்டியா இல்லையா?"

மூன்றாம் முறை கேட்டபோது அவள் தலையசைத்தாள். தலைமை ஆசிரியர் கையை உதறிக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தார். வேனுக்குள்ளிருந்து ஒரு பையன், "ஏய், எந்த ஐஸுடீ? சேமியாவா, கிரேப்பா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து பள்ளியில் அவளுக்கு 'சேமியா' என்று பெயர். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்வரை அந்தப் பெயர் இருந்தது. நான் கண்டித்ததில்லை. அவர்கள் அந்தப் பெயரைச் சொல்லச் சொல்ல என் பொய் உண்மையாகிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை அவள் அம்மா வந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, அங்கேயே மகளின் முதுகில் அறைந்தார்.

"சாரு ஆறு மாசமா ஒனக்காவத் தொண்டத் தண்ணி வத்தக் கத்திகினு கீறாரு. நீ ஐஸு துன்னுட்டு வந்து நிக்கிறியாடீ?"

"அடிக்காதீங்கம்மா. குழந்தைதானே" என்றேன். என் பெருந்தன்மை அந்த அளவில் இருந்தது.

மஞ்சுவின் குரல் திரும்பவில்லை. மார்ச் மாதம் நான்காம் வகுப்பு ஆசிரியைதான் அவளையும் அம்மாவையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். மறுநாள் வந்து என் மேசையருகில் நின்றார். உட்காரவில்லை.

"குரல் நாண்ல முடிச்சு விழுந்திருக்காம் சார். வேலை செஞ்ச கையில காய்ப்பு காய்க்கற மாதிரி, கத்திக் கத்தி. மூணு மாசம் சத்தமாப் பேசவே கூடாதாம். அப்புறமும் எந்த அளவுக்குச் சரியாகும்னு டாக்டர் சொல்லலை. யாரு இந்தக் குழந்தைய இப்படிக் கத்த வெச்சதுன்னு கேட்டார்."

நான் மேசையிலிருந்த பாட்டு நோட்டை மூடினேன்.

"அந்தம்மா டாக்டர்கிட்டயே அழறாங்க. 'என்னப் பாத்துத்தான் சார் கத்துகினா, நான் கூவறத தெனமும் கேக்கறா இல்ல'ன்னு. நான் உங்க பேரைச் சொல்லலை. நீங்களே சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன்."

நான் சொல்லவில்லை. ஒரு தாய் தன் பிழைப்பின் குரலே மகளைக் கெடுத்தது என்று நம்பிக்கொண்டு தினமும் கூவி மீன் விற்றார். நான் தினமும் மாலையில் அந்த நிறுத்தத்தில்தான் பேருந்து ஏறினேன்.

மூன்று மாதம் கழித்து மஞ்சு பேசினாள். கரகரத்த, பாதி காற்றுக் கலந்த குரல். பாடவில்லை. பிரார்த்தனையில் கடைசி வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்தாள். மற்ற பிள்ளைகள் முன்பே கற்றிருந்ததை அவளும் கற்றுக்கொண்டாள்.

பள்ளி திறந்த அந்த ஜூனில் நான் யாரிடமும் காரணம் சொல்லாமல் சுருதியை ஐந்து கட்டைக்கு மாற்றினேன். பாடிக்காட்ட முடியாத இடத்தில் ஹார்மோனியத்தில் வாசித்துக் காட்டினேன், நன்றாகப் பிடிக்கிற பிள்ளையை மற்றவர்களுக்குப் பாடிக்காட்ட வைத்தேன். பயிற்சி நாளுக்குப் பதினைந்து நிமிடம். தொண்டை கட்டினால் ஓய்வு. விரலைச் சில கட்டைகள் தள்ளி வைத்தேன், அவ்வளவுதான். அந்த ஆண்டு வேறொரு பிள்ளை மூன்றாம் பரிசு வாங்கினாள். வாசலில் பேனர் கட்டினார்கள். என் பணியிடம் தப்பியது. சென்ற ஆண்டு அதே பணியிடத்திலிருந்துதான் மாலை போட்டு அனுப்பினார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஜூனில் மஞ்சுவின் அம்மா மறுபடி வந்தார். சின்ன மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தார்.

"சார், இவளும் நல்லாப் பாடுவா. ஆனா நீங்க பாட்டுக்குச் சேத்துக்காதீங்க."

தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஏனோ ஒரு நிம்மதிகூட வந்தது.

"ஏம்மா?"

"இவளும் ஐஸுன்னா உயிர உடுவா சார். பெரியவ ஒருதபா ஒங்க மானத்த வாங்குனது போதும்."

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். "சரிம்மா" என்றேன். அந்த ஆண்டு முழுக்கச் சின்னவள் பாட்டு வகுப்பில் வாசலோரம் உட்கார்ந்து சிலேட்டில் படம் வரைந்தாள்.

அவளை மாலையில் அழைத்துப்போகப் பெரியவள் வருவாள். மஞ்சு அப்போது ஒன்பதாவது படித்தாள், என் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தாள். என்னைப் பார்த்தால் புன்னகைப்பாள், பேச மாட்டாள். என் கடைசி வாரத்தில் ஒருநாள் வாசலில் நானும் அவளும் மட்டும் நின்றோம். சின்னவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"சார்" என்றாள். "நான் அன்னிக்கு ஐஸ் சாப்பிடல சார்."

அதே கரகரப்பு. வண்டிச் சத்தத்தில் நான் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"தெரியும்மா" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பவே தெரியுமா சார்?"

"இல்லம்மா. அப்ப எனக்குத் தெரியல. ரொம்ப நாள் கழிச்சு யோசிச்சுப் பாத்தப்பதான்..."

அவள் தலையசைத்தாள். வேனருகில் அன்று எப்படித் தலையசைத்தாளோ அப்படியே. நம்பினாளா, நம்பியதாகக் காட்டினாளா, தெரியாது. நான் அந்தத் தலையசைப்பை இரண்டாம் முறையாக வாங்கிக்கொண்டேன்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்றீங்களா சார்? நான் சொன்னா நம்ப மாட்டாங்க. ஐஸ் வண்டியப் பாத்தாலே இன்னும் அதச் சொல்லித்தான் பேசறாங்க."

"சொல்றேம்மா. கண்டிப்பாச் சொல்றேன்."

"தேங்க்ஸ் சார்" என்று சொல்லித் தங்கையின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

ஒருமுறை போனேன். ஓய்வு பெற்ற மறுமாதம், அதற்காகவே பெருங்களத்தூரில் இறங்கினேன். தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டு, முந்தானையில் கை துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். "இன்னா சார், வெயில்ல? குந்துங்க" என்று தன் பலகையை எனக்கு நகர்த்திப் போட்டார். பக்கத்தில் வெள்ளரிக்காய் விற்ற பெண்ணிடம், "எங்க பாப்பாவோட பாட்டு சாரு" என்றார் பெருமையாக. நான் உட்கார்ந்தேன். வெயிலைப் பற்றிப் பேசினேன். அடுத்த பேருந்தில் ஏறிவிட்டேன்.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளையின் சுருதிக்கு நீங்கள் போங்கள். தொண்டை கட்டிய பிள்ளையை உட்கார வையுங்கள். இரண்டும் சுலபம். பிள்ளை தோற்று நிற்கும்போது உங்களைப் பார்க்குமே, அப்போது என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதை இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். அந்த நேரத்தில் முடிவெடுக்க முடியாது.

இதை முதலில் அந்த மீன் பலகையருகில் உட்கார்ந்து அவருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் உங்களுக்கு அனுப்பியிருக்க வேண்டும். பெருங்களத்தூர் என் வீட்டிலிருந்து மூன்று நிறுத்தம். தபால் பெட்டி தெருமுனையில் இருக்கிறது. நான் தெருமுனைக்குத்தான் போகப்போகிறேன்.